ஒன்றேகால் மணி மேய்ப்பர்

எல்டர்பி மாளிகையில் மதியச் சாப்பாட்டுக்கு இடம் கிடைக்க ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். லண்டனிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் உண்டு. கழுத்துப் பட்டை கட்டாமல் வந்த ஒரு நீதிபதியை வாசலோடு திருப்பி அனுப்பிய கதையும் உண்டு. அப்படிப்பட்ட இடத்திலிருந்து அமோஸ் கார்சைடுக்கு அழைப்பு வந்தது. கெட்டிக் காகிதம், மேலே மாளிகையின் முத்திரை. "எங்கள் நிலத்தின் நண்பருக்கு" என்று தொடங்கியிருந்தது.

அமோஸ் அந்த நிலத்தின் குத்தகைக்காரர். நண்பர் என்று அதுவரை யாரும் அவரைச் சொன்னதில்லை. அவருடைய தாத்தா கிராக் எண்ட் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து தொண்ணூற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. நானூறு செம்மறி, ஒரு கல்வீடு, ஐந்து வயல், அதற்கு மேலே மழையும் காற்றும் ஓயாத குன்று. மாளிகைக்காரப் பிரபு குடும்பம் கடனில் மூழ்கி, மாளிகையையும் பள்ளத்தாக்கையும் சேர்த்து ஒரு பாரம்பரிய அறக்கட்டளைக்கு விற்றுவிட்டுப் போன பிறகு, அறக்கட்டளை மாளிகையை உணவகமாக்கியது. குத்தகை வருகிற மார்ச் இருபத்தைந்தோடு முடிகிறது. நீட்டித்துத் தரும்படி அமோஸ் வசந்தத்திலிருந்து ஆறு கடிதம் எழுதியிருந்தார். ஆறுக்கும் ஒரே பதில் வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி, உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம். ஏழாவது கடிதத்துக்கு இந்த அழைப்பு.

"உக்கார வெச்சுப் பேசப் போறாங்க," என்றார் அமோஸ்.

அவர் மனைவி மேவிஸ் அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேசறதுக்கு ஆபீசுல ஒரு நாற்காலி போட்டாப் போதுமே. சாப்பாடு எதுக்கு?"

"மரியாதைக்கா இருக்கும்."

"உனக்கா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அண்ணன் சாவுக்கு வாங்கிய கறுப்புக் கோட்டை எடுத்து இஸ்திரி போடப் போய்விட்டாள்.

நவம்பர் மாதத்து வியாழக்கிழமை. இருவரும் தங்கள் பழைய பிக்கப் வண்டியில் கிளம்பினார்கள். மாளிகையின் பெரிய கேட்டில் காதில் கருவி மாட்டிய ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பின்பக்கம் கொஞ்சம் வைக்கோலும், ஆடு விட்டுப்போன சமாச்சாரங்களும் கிடந்தன. இந்த வண்டி மாளிகையின் காலத்தோடு ஒட்டாது என்றார். அமோஸ் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பெரிய கறுப்புக் கார்கள் ஒட்டினவாம், உள்ளே போயின. பிக்கப் வண்டி குப்பை லாரி நிற்கும் பின்முற்றத்துக்குப் போயிற்று. அங்கிருந்து மழையில் அரை மைல் நடந்து, அழைக்கப்பட்ட விருந்தினர்கள் இருவரும் முன்வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வாசலைத் தாண்டிச் செருப்பு, காலணி எதுவும் உள்ளே போகக் கூடாது. தரைப் பலகைகள் முந்நூறு வருடப் பழசு. மனிதக் கால் அவற்றுக்கு ஆகாது. அமோஸ் இரவெல்லாம் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்த காலணியை வாங்கிக்கொண்டு, சாம்பல் நிறக் கம்பளி உறை இரண்டைக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் நடக்கிறவருக்கே சத்தம் கேட்காது. மேவிஸ் ஒரு தடவை வழுக்கி, சுவரில் தொங்கிய முன்னோர் ஒருவரின் சட்டத்தைப் பிடிக்கப் போனாள். இரண்டு பணியாளர்கள் ஓடிவந்து சட்டத்தைத் தாங்கினார்கள்.

அப்போதுதான் இமோஜன் வந்தாள். மாளிகையின் கதைகளுக்கு இயக்குநர் என்பது அவளுடைய பதவி. முப்பத்தைந்து வயதிருக்கும். உழவர்கள் போடுகிற நீல மேலங்கியும் தடித்த பூட்ஸும் போட்டிருந்தாள். இரண்டிலும் ஒரு பொட்டு மண் இல்லை. அவளுடைய பூட்ஸுக்குத் தரையில் அனுமதி இருந்தது. அமோஸின் கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"அய்யோ, நீங்க நீங்களாவே வந்திருக்கலாமே," என்றாள்.

இதுவும் நான்தான், கல்யாணம் கருமாதிக்கு இப்படித்தான் இருப்பேன் என்று அமோஸ் சொன்னார். அவள் கனிவோடு தலையசைத்துவிட்டு, அவரை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பழைய முரட்டுக் கம்பளி மேல்சட்டையையும் தொப்பியையும் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் எடுத்துக் கொடுத்தார். 1890-இல் இங்கே இருந்த ஒரு மேய்ப்பருடையதாம். தையல் இற்றுப்போயிருந்ததால் தோளுக்கு மேல் கையைத் தூக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது, பெரிதாக மூச்சு விடாமலிருந்தால் நல்லது என்று விதிகளைப் படித்துக் காட்டினார்கள். மேவிஸுக்கு உடுப்பு எதுவும் இல்லை. குத்தகைக்காரர்களின் மனைவிமார் பற்றி ஆவணங்களில் எந்தக் குறிப்பும் கிடைக்கவில்லை என்று இமோஜன் வருத்தத்தோடு சொன்னாள்.

"நல்லதாப் போச்சு," என்றாள் மேவிஸ். "சட்டை மாத்தற வேலை மிச்சம்."

மார்ச் இருபத்தைந்தை நினைத்து அமோஸ் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டார். கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு நடந்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் பன்னிரண்டு மேசைகள். தெற்குச் சுவர் முழுக்க உயரமான சன்னல்கள். சன்னலுக்கு வெளியே புல்வெளி, புல்வெளிக்கு அப்பால் குன்று. அமோஸ் உட்கார்ந்த இடத்திலிருந்து தன் வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. தன் வீட்டை இந்தப் பக்கமிருந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. மிகவும் சின்னதாக இருந்தது.

எஸ்டேட் மேலாளர் எழுந்து வந்து கைகொடுத்தார். பியர்ஸ் வெதரால். ஆறு கடிதங்களுக்கும் பதிலில் கையெழுத்துப் போட்டவர். "சார்" என்று அமோஸ் ஆரம்பித்தபோது, "சார் எல்லாம் வேண்டாம், பியர்ஸ்னே சொல்லுங்க. இங்க நாம எல்லாரும் ஒரே குடும்பம்," என்றார். அமோஸால் அப்படிச் சொல்ல முடியவில்லை. கடைசிவரை எந்தப் பெயரும் சொல்லாமலே பேசினார்.

பச்சை வெல்வெட் உடுப்பும் பொடி தூவிய பொய்முடியும் அணிந்த பணியாள் ஒருவர் தண்ணீர் ஊற்ற வந்தார். அமோஸ் நிமிர்ந்து பார்த்தார். லென் ஆக்ராய்டு. இருபத்திரண்டு வருடம் பள்ளத்தாக்குக்குத் தபால் கொண்டுவந்தவர், தபால் நிலையத்தை மூடிய பிறகு என்ன ஆனார் என்று தெரியாமலிருந்தது.

"லென், எப்படி இருக்க?"

லென் முகம் அசையவில்லை. தண்ணீர் ஊற்றியபடியே உதட்டைப் பிரிக்காமல், "எனக்கு உன்னத் தெரியக் கூடாது, அமோஸ். பதினெட்டாம் நூற்றாண்டுல பணியாளுங்க விருந்தாளிகிட்டப் பேச மாட்டாங்களாம். முதுகு எப்படி இருக்கு?" என்றார்.

"பரவாயில்ல."

"சந்தோஷம்," என்று உதடு அசையாமல் சொல்லிவிட்டு, இரண்டடி பின்வாங்கிச் சிலையானார்.

மணி அடித்தது. எல்லோரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். மணி அடித்தால் மாளிகை மூச்சு விடுகிறது என்று அர்த்தம். மூச்சு விட்டு முடிக்கிறவரை யாரும் பேசக் கூடாது. அது ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடித்தது. குத்தகையைப் பற்றிப் பேச அமோஸ் வாயைத் திறந்த நேரம் அது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

முதல் பரிமாறல் வந்தது. ஒரு கருங்கல் துண்டின் மேல் கறுப்பாக ஒரு கரண்டி தூள். அதன் மேல் ஒரு புல். இமோஜன் கூடத்தின் நடுவில் நின்று, இது மண்ணின் நினைவு என்றாள். பார்லியும் காளானும் சுட்டுப் பொடித்தது. ஆனால் அதற்குள் ஒரு சிட்டிகை உண்மையான மண் இருக்கிறது. கிராக் எண்ட் பண்ணையின் கீழ்வயலிலிருந்து கையால் எடுத்தது. மூன்று தலைமுறை வியர்வை அதில் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டு மேசையும் கண்ணை மூடி முகர்ந்தன. இரும்பு வாசம் என்றார் ஒருவர். மழை, என்றாள் ஒரு பெண்மணி, அப்புறம் ஏதோ ஒரு ஆழமான சோகம்.

"கீழ்வயல்னா எது, வேலிக்கு இந்தப் பக்கமா?" என்று அமோஸ் மேலாளரைக் கேட்டார்.

"ஆமா, ரொம்பப் பசுமையா இருக்குமே, அது."

அமோஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "அங்கதான் எங்க வீட்டுக் கக்கூஸ் தொட்டி வடியும். அதான் பசுமை."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். கண்ணை மூடியிருந்தவர்களுக்குக் காது நன்றாகக் கேட்டது. இமோஜன் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. பார்த்தீர்களா, இந்த மக்கள் நிலத்திடமிருந்து எடுத்துக்கொண்டது மட்டுமல்ல, கொடுத்தும் இருக்கிறார்கள் என்றாள். சிலர் கைதட்டினார்கள். அந்தப் பெண்மணி இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது பரிமாறலில் தட்டு மட்டும் வந்தது. வெள்ளைத் தட்டு, பனிக்கட்டியில் வைத்துக் குளிர வைத்தது. அதில் ஒன்றும் இல்லை. மேவிஸ் அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தாள்.

"இந்தத் தட்டில் பசி பரிமாறப்பட்டிருக்கிறது," என்று இமோஜன் அறிவித்தாள். 1947-ஆம் வருடத்துப் பெரும்பனியை நினைவுகூரும் பரிமாறல். ஐந்து நிமிடம் தட்டில் கையை வைத்து அந்தக் குளிரை உள்ளே வாங்க வேண்டும். அந்தப் பனியை அனுபவித்த குடும்பம் இன்று நம்மோடு இருக்கிறது, அவர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று சொல்லி, அமோஸைக் கைகாட்டினாள். யாரும் அவரிடம் முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை.

அமோஸ் எழுந்தார். அப்பா அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார் என்றார். அப்போது அப்பாவுக்குப் பதினேழு வயது. பனி கல்வேலி உயரத்துக்கு மேலே ஏறி ஏழு வாரம் கிடந்தது. ஆடுகள் வேலியோரம் ஒதுங்கி நின்றபடியே புதைந்துபோயின. நீளக் கம்பால் பனியைக் குத்திக் குத்தித் தேடுவார்களாம். கம்பு மெத்தென்று படுகிற இடத்தில் தோண்டுவார்களாம். முந்நூற்றுச் சொச்சத்தில் நாற்பத்தொன்று மிஞ்சின. ஒன்றன்மேல் ஒன்றாக நின்று, பசியில் ஒன்று மற்றதன் கம்பளியைத் தின்றிருந்தன. அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று சொல்லி உட்கார்ந்தார்.

கூடத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். மேலாளர் பியர்ஸ் அமோஸின் கையைப் பிடித்துக்கொண்டு, அற்புதம், இதைத்தான் நாங்கள் சந்தையில் விலை வைக்க முடியாத மதிப்பு என்கிறோம் என்றார். ஆனால் அந்தக் கம்பளி தின்ற பகுதி சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் கனம், அடுத்த தடவை அதைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அடுத்த தடவை என்றதும் அமோஸுக்கு நெஞ்சில் ஒரு தெம்பு வந்தது. இதுதான் சமயம் என்று, "அந்த மார்ச் மாசத்து விஷயம்..." என்று தொடங்கினார்.

மேலாளர் விரலை உதட்டில் வைத்தார். இந்த மேசையில் நிலம், வாடகை, வழக்கு மூன்றையும் பேசுவதில்லை. முதல் பிரபு காலத்திலிருந்தே வழக்கம் என்றார். அதற்குள் மணி அடித்தது. மாளிகை மூச்சு விட்டது.

மூன்றாவது பரிமாறலுக்கு முன்னால் ஒவ்வொருவர் முன்னும் ஒரு மெனு அட்டை வைத்தார்கள். அமோஸ் மூக்குக் கண்ணாடியைக் கோட்டுப் பையில் விட்டிருந்தார். கோட்டு, உடுப்பு மாற்றிய சின்ன அறையில் இருந்தது. "என்ன போட்டிருக்கு, கண்ணு?" என்று கேட்டார்.

மேவிஸ் படித்தாள். முதல் வரியை உரக்கப் படித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"கிராக் எண்டின் கடைசி ஆட்டுக்குட்டி. தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் கார்சைடு குடும்பம் காத்து வளர்த்த மந்தையின் இறுதித் தலைமுறை. வரும் வசந்தத்தில் இந்தக் குன்று மனிதக் கைகளிலிருந்து விடுபட்டு, மறுபடி காடாகிறது. விடைபெறுதலின் சுவையோடு, புகையூட்டிய வேர்கள்."

அமோஸ் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவள் படிக்கவில்லை. அட்டையை மேலாளர் பக்கம் தள்ளிவைத்தாள்.

"இது என்னது?" என்றாள்.

பியர்ஸுக்கு உண்மையிலேயே சங்கடமாகிவிட்டது. முதலில் லென்னைப் பார்த்தார், பிறகு இமோஜனைப் பார்த்தார். "இது இப்படி ஆகியிருக்கக் கூடாது. உங்களுக்குக் கடிதம் நாளைக்குத்தான் வந்திருக்கணும். அச்சுக்குக் குடுத்தவங்க ஒரு நாள் முந்திட்டாங்க. அதுக்கு நான் மனசாற மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"தேதிக்கா?" என்றாள் மேவிஸ்.

"ஆமா. நடைமுறையில எங்களுக்கு ரொம்பக் கண்டிப்பு உண்டு."

அமோஸ் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "அப்ப நாங்க வெளிய போகணும்."

"வெளிய போறதுன்னு நாங்க சொல்றதே இல்ல, அமோஸ்," என்றார் பியர்ஸ். நிலம், வாடகை, வழக்கு மூன்றையும் பேசாத மேசையில் அவர் பதினைந்து நிமிடம் நிலத்தைப் பற்றிப் பேசினார். அறக்கட்டளை யாரையும் வெளியேற்றுவதில்லை. நிலத்துக்கு ஓய்வு கொடுக்கிறது. மாளிகை நூற்றாண்டுகளில் யோசிக்கிறது. அந்தக் கணக்கில் தொண்ணூற்று மூன்று வருடம் என்பது ஒருவர் வந்து உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிற நேரம். விருந்தினர்களிடம் கருத்துக் கேட்டபோது, குன்றில் கறுப்புப் பிளாஸ்டிக் சுற்றிய தீவனக் கட்டுகள் தெரிவதாகப் பத்தில் ஏழு பேர் குறை சொல்லியிருக்கிறார்கள். இனிமேல் அங்கே மரங்கள் வளரும், மான்கள் வரும்.

"உங்க பேர் மட்டும் எங்கயும் போகாது. அந்த வீட்டை விடுமுறைக்கு வர்றவங்க தங்கற இடமா மாத்தறோம். அதுக்குக் கார்சைடு இல்லம்னுதான் பேர் வெக்கறோம். குழு முழுக்க ஒருமனதா ஒத்துக்கிட்டாங்க. உண்மையச் சொன்னா, நீங்க அங்க இருக்கற வரைக்கும் அந்தப் பேர வெச்சா நல்லாவா இருக்கும்?"

அதற்குள் தட்டு வந்துவிட்டது. சமையல் தலைவர் தியோவே கொண்டுவந்தார். இளைத்த, தாடி வைத்த ஆள். கையில் பெரிய கத்தி. இந்தக் குட்டியை நேற்று முழுவதும் நினைத்துக்கொண்டே சமைத்ததாகவும், இரண்டு தடவை அடுப்படியை விட்டு வெளியே போய் அழ வேண்டியிருந்ததாகவும் சொன்னார். முதல் துண்டை வளர்த்தவர் கையாலேயே வெட்ட வேண்டும் என்று கத்தியை அமோஸிடம் நீட்டினார். பன்னிரண்டு மேசையும் எழுந்து நின்றன.

அமோஸ் கத்தியை வாங்கினார். தொடையைத் திருப்பினார். எலும்பின் முனையை விரலால் அழுத்திப் பார்த்தார். கொழுப்பைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"இது என் குட்டி இல்ல," என்றார்.

தியோ புன்னகைத்தார். அமோஸ் திரும்பச் சொன்னார். "நான் செப்டம்பருக்கப்புறம் ஒரு குட்டியும் விக்கல. இங்க எப்பவுமே வித்ததில்ல, நீங்க கேட்டதும் இல்ல. எங்க ஆட்டுக்குக் காலெலும்பு இதுல பாதிதான் இருக்கும். குன்றேறி மேயுற ஆடு. இது சமவெளியில நின்ன எடத்துலயே தின்னு கொழுத்தது."

தியோவின் முகம் சிவந்தது. கடைசியில் அவரும் மனிதர்தானே, உள்ளதைச் சொல்லிவிட்டார். கிராக் எண்ட் ஆடுகள் இந்தத் தட்டுக்குப் போதாது. தொடை சிறியது, கறி கறுப்பு, விருந்தினர்களுக்கு அந்த வாசம் பிடிக்காது. அதனால் உறையவைத்துக் கப்பலில் வருவதைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. "கறி எங்கேர்ந்து வந்தா என்ன? கதை இங்கேர்ந்துதானே வருது? சாப்பிட வர்றவங்க அந்தக் கதையத்தான் கொண்டுபோறாங்க. உங்க கதையோட தரத்துக்கு உங்க ஆடு இல்ல, அதுதான் உண்மை."

நின்றுகொண்டிருந்தவர்களுக்கு என்ன நடக்கிறதென்று முழுதாகக் கேட்கவில்லை. விவசாயி உணர்ச்சிவசப்பட்டு நிற்கிறார் என்று நினைத்தார்கள். யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பிக்க, எல்லோரும் தட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள். அமோஸ் கத்தியை மேசையில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றக் கையைத் தூக்கினார். தோள் பக்கம் தையல் ஒன்று சரசரவென்று விட்டது. வெள்ளைக் கையுறைக்காரர் சுவரோரத்திலிருந்து ஓடிவந்தார்.

மேவிஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வா, போலாம்," என்றாள். "நாம சாகறதுக்கு முன்னாடியே கருமாதிச் சாப்பாடு போட்டுட்டாங்க. அதுலயும் கறி வெளியூர்."

வாசலில் காலணிக்காகக் காத்திருந்தபோது பியர்ஸ் பின்னாலேயே வந்தார். ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு நாளும் மூன்றாவது பரிமாறலின்போது, சரியாக ஒன்றேகால் மணிக்கு, புல்வெளி வழியாக ஒரு மேய்ப்பர் ஆடு ஓட்டிக்கொண்டு போனால் சன்னலில் எவ்வளவு அழகாக இருக்கும். அதற்கு உங்களைவிடப் பொருத்தமானவர் யார். சம்பளம் உண்டு. யோசித்துச் சொல்லுங்கள்.

மேவிஸ் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, அமோஸின் காலணியை வாங்கி அமோஸிடம் கொடுத்தாள். மறுநாள் கடிதம் வந்தது, நடைமுறைப்படி.

வக்கீலிடம் போனார்கள். குத்தகைப் பத்திரத்தை அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். பிப்ரவரியில் சினையாடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குன்றிலேயே பிறந்து, தாய் காட்டிய எல்லையைத் தாண்டாமல் மேய்ந்து பழகிய ஆடுகள். வேறு குன்றில் விட்டால் நிலைகொள்ளாமல் அலையும். வாங்கியவர்கள் நாலு திசைக்குக் கொண்டுபோனார்கள். மார்ச் இருபத்தைந்தாம் தேதி காலை வீட்டுச் சாவியை லென் மூலமாக ஒப்படைத்தார்கள். அவர் அன்று விடுமுறை போட்டுவிட்டு, பொய்முடியில்லாமல் வந்து பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தார்.

சந்தை ஊரில் நகராட்சிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை கிடைத்தது. நாய் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. மந்தை நாயை மேவிஸின் தங்கை வீட்டில் விட்டார்கள். அமோஸுக்கு அறுபத்து மூன்று வயது. ஊரில் இருந்த ஒரே தொழிற்சாலை, பொட்டலம் கட்டுகிற வேலைக்கு முதுகை எக்ஸ்ரே படம் பிடித்துக் கொண்டுவரச் சொன்னது. படத்தைப் பார்த்தபின் வேண்டாம் என்றுவிட்டது. ஏப்ரல் கடைசியில் அமோஸ் பியர்ஸுக்குக் கடிதம் எழுதினார். இதற்கு மட்டும் அன்றைக்கே பதில் வந்தது.

"போறதுன்னா போ," என்றாள் மேவிஸ். "ஆனா வீட்டுக்கு வந்து எங்கிட்ட எதுவும் சொல்லாத."

அவர் சொல்லவில்லை. பேருந்து பிடித்துப் போய், தைத்துச் சரிசெய்த அந்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒன்றேகால் மணிக்குப் பன்னிரண்டு ஆடுகளோடு புல்வெளியைக் கடப்பார். ஆடுகள் வாடகைக்கு வந்தவை; குழந்தைகள் தடவிப் பார்க்கிற பூங்காவில் வளர்ந்தவை. ஓட்ட வேண்டியதே இல்லை. மேல்சட்டைக்கு அடியில் தீவனப் பொட்டலம் இருந்தால் போதும், அவர் பின்னாலேயே மூக்கை நீட்டிக்கொண்டு வரும். சன்னலுக்குப் பின்னால் கோப்பைகள் உயரும். கடக்க நாலு நிமிடம். பிறகு பூங்கா வண்டி வந்து ஆடுகளை ஏற்றிக்கொண்டு போகும்.

இரண்டு வாரம் கழித்து இமோஜன் கூட்டம் போட்டாள். விருந்தினர்கள் எழுதிப் போட்ட குறிப்புகளைப் படித்தாள். மேய்ப்பர் மகிழ்ச்சியாக இல்லை என்று ஒருவர். மேய்ப்பர் வேகமாகப் போகிறார், படம் எடுக்க முடியவில்லை என்று இன்னொருவர். நடுச் சன்னலுக்கு நேரே வந்ததும் நின்று, குன்றை நிமிர்ந்து பார்த்து, இழந்ததை நினைப்பது போலச் செய்ய முடியுமா என்று கேட்டாள்.

"தினம் நினைச்சுக்கிட்டுத்தாம்மா போறேன்," என்றார் அமோஸ்.

"அது வெளிய தெரியணும் இல்லையா? இங்கேர்ந்து பார்த்தா நீங்க பஸ்ஸப் பிடிக்கப் போற மாதிரி இருக்கு."

முயன்று பார்த்தார். நடுச் சன்னலுக்கு நேரே நின்று குன்றைப் பார்த்தார். ஜூன் மாதம் மறுபடி கூட்டம் போட்டார்கள். இந்தத் தடவை பியர்ஸும் இருந்தார். அமோஸின் உண்மைத்தன்மையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் உண்மையாக இருப்பது வேறு, உண்மை போலத் தெரிவது வேறு. மாளிகைக்கு இரண்டாவதுதான் தேவை என்று விளக்கினார். லீட்ஸ் நகரத்திலிருந்து ஒரு நடிகரை அமர்த்தியிருக்கிறார்கள். ஒரு வாரம் அவருக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு, அமோஸ் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம்.

நடிகர் பெயர் டோரியன். நல்ல உயரம், வெயிலில் காய்ந்த மாதிரி முகம், வெள்ளைத் தாடி. அமோஸைவிட நாலு வயது இளையவர்; பார்த்தால் குன்றில் நூறு வருடம் நின்றவர் போலிருந்தார். மரியாதையான மனிதர். தேநீரை அவரே வாங்கிவந்து கொடுத்து, கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். கடைசி நாள் இருவரும் புல்வெளி ஓரத்தில் நின்றபோது, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே," என்றார். "அந்த எடத்துல நின்னு மேல பாக்கறீங்களே, அப்ப மனசுல என்ன ஓடும்?"

அமோஸ் யோசித்தார். "மேல, அந்த ரெண்டு மரத்துக்கு நடுவுல ஒரு மரக்கதவு தெரியுதா? மேய்ச்சலுக்குப் போற வழி. மரம் நட வந்தவங்க தொறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க. நான் இந்த வேலைக்கு வந்த நாள்லேர்ந்து தொறந்தே கெடக்கு. காத்துல ஆடி ஆடிக் கீல் போயிடும். அத யாராவது சாத்தக் கூடாதான்னு நினைப்பேன். வேற ஒண்ணும் இல்ல."

டோரியன் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் அவருக்கு முதல் நாள். அமோஸ் அடுக்களைப் பக்கத்துக் கதவருகே நின்று பார்த்தார். டோரியன் ஆடுகளோடு மெல்ல வந்தார். நடுச் சன்னலுக்கு நேரே நின்றார். குன்றைப் பார்த்தார். கை தானாக நெஞ்சுக்கு வந்தது. உதடு ஒரு தடவை நடுங்கிற்று. பிறகு எதையோ விழுங்கிக்கொண்டு தலையைக் குனிந்து நடந்தார். சன்னலுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கண்ணாடி தாண்டிக் கைதட்டல் கேட்டது. இமோஜன் ஈரக் கண்ணோடு வெளியே வந்து அமோஸின் தோளைத் தொட்டாள்.

"இதுதான். இத்தனை நாளா நாங்க தேடினது இதுதான்," என்றாள்.

அமோஸ் தலையசைத்தார். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார், தன்னுடைய நைலான் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு பின்கேட் வழியாக வெளியே வந்தார். மூன்றரை மணிப் பேருந்துக்கு நிறைய நேரம் இருந்தது. நிறுத்தத்துக்குப் போகாமல் கல்வேலியைத் தாண்டி ஏற ஆரம்பித்தார். முதுகு வலித்ததால் நின்று நின்று ஏறினார். அவர் வீட்டுக் கதவுக்கு நீலச் சாயம் அடித்திருந்தார்கள். வாசலில் வெளியூர்க் கார் ஒன்று நின்றது. அதைக் கடந்து போனார். ஐந்து வயலிலும் பிளாஸ்டிக் குழாய்களுக்குள் முழங்கால் உயரச் செடிகள். புல் இடுப்புவரை வளர்ந்து, நடந்தால் பாதை தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. தோளைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். பையில் கிடந்த கயிற்றால் மேல்கீலை இறுக்கிக் கட்டினார். கொண்டியைப் போட்டார், விழுந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். வேலிக்கு இந்தப் பக்கமும் ஆடு இல்லை, அந்தப் பக்கமும் ஆடு இல்லை. இருந்தாலும் கதவு சாத்தியிருந்தது.

கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று இறங்கி நடந்தார்.